எந்தப் படை எங்கே நிற்கிறது: மினியேச்சர் போர் விளையாட்டில் தரவரிசை தயாரிக்கும் முறை

ஒரு படையின் வெற்றி வீதம் 58% என்று கேட்டதும் அதை உச்சியில் வைத்துவிடத் தோன்றும். அந்த 58% எத்தனை ஆட்டங்களில் வந்தது, ஆடியவர்கள் யார், மேசையில் டெரெய்ன் (இடிபாடு, சுவர் போன்ற மறைப்புகள்) எப்படி இருந்தது, எந்த விதிப் பதிப்பு நடப்பில் இருந்தது என்று கேட்காமல் போடும் வரிசை அடுத்த டோர்னமென்ட்டைக்கூடத் தாங்காது. நல்ல தரவரிசையில் பாதி வேலை எண்களைச் சேர்ப்பது. மீதிப் பாதி, அந்த எண்ணில் எவ்வளவு படையின் பலம், எவ்வளவு ஆட்டக்காரரின் திறமை என்று பிரித்தெடுப்பது. இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே வார்ஹாமர் 40,000 விளையாட்டின் 10ஆம் பதிப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். பொதுவான போட்டி வடிவம் 2000 புள்ளிப் படை (ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது மாடல் குழுவுக்கும், ஒரு புள்ளி விலை உண்டு), 60×44 அங்குல மேசை, 5 போர்ச் சுற்றுகள். முறை மட்டும் ஏஜ் ஆஃப் சிக்மார், கிங்ஸ் ஆஃப் வார், போல்ட் ஆக்‌ஷன் என எதற்கும் பொருந்தும்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"எந்தப் படை சிறந்தது?" என்பதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. சராசரி ஆட்டக்காரர் ஒருவர் எடுத்தால் எந்தப் படை அதிகம் ஜெயிக்கும்? கோப்பை வெல்லும் அளவுக்குத் தேர்ந்தவர் கையில் எது உச்சம் தொடும்? அடுத்த போட்டிக்குப் போகிறவர் எந்தெந்தப் படைகளுக்கு எதிராகத் தயாராக வேண்டும்? முதல் கேள்விக்கு எல்லா ஆட்டங்களின் வெற்றி வீதம் வேண்டும். இரண்டாவதற்கு மேல்மேசைகளில், அதாவது தொடர்ந்து ஜெயித்து வருபவர்கள் மோதும் மேசைகளில், நடந்த ஆட்டங்கள் வேண்டும். மூன்றாவதற்கு, எந்தப் படையை எத்தனை பேர் கொண்டுவருகிறார்கள் என்ற பங்கும் வேண்டும். மூன்றையும் கலந்து ஒரே பட்டியலாகப் போட்டால் எதற்கும் சரியான விடை கிடைக்காது. எந்தக் கேள்விக்கான வரிசை என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, எதை வரிசைப்படுத்துகிறோம் என்பது. 10ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தபோது ஒவ்வொரு படைக்கும் ஒரே டிடாச்மென்ட்தான் (படையை ஆடும் பாணியைத் தீர்மானிக்கும் சிறப்பு விதித் தொகுப்பு) இருந்தது. கோடெக்ஸ்கள் (படைக்கான விதிப் புத்தகங்கள்) வரவர ஒரே படைக்குள் பல டிடாச்மென்ட்கள் சேர்ந்தன. ஒரு படை ஒரு டிடாச்மென்ட்டில் 200 ஆட்டம் ஆடி 56% ஜெயிக்கிறது, இன்னொன்றில் 300 ஆட்டம் ஆடி 43% ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பார்த்தால் 500-க்கு 241, அதாவது 48%. "சுமாரான படை" என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் அதற்குள் ஒரு வலுவான படையும் ஒரு பலவீனமான படையும் இருக்கின்றன. எனவே வரிசையின் அலகு படையும் டிடாச்மென்ட்டும் சேர்ந்ததாக இருக்கட்டும். ஆட்டங்கள் போதாதபோது மட்டும் படை அளவில் நில்லுங்கள்.

ஸ்பேஸ் மரீன்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அதன் உட்பிரிவுகளான பிளட் ஏஞ்சல்ஸ், டார்க் ஏஞ்சல்ஸ், ஸ்பேஸ் வுல்வ்ஸ், பிளாக் டெம்ப்ளர்ஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணுவதா, சேர்த்தா? பிளட் ஏஞ்சல்ஸ் ஆட்டக்காரர் பொதுக் கோடெக்ஸின் டிடாச்மென்ட்டை எடுத்தால் அவர் எந்தப் பெட்டியில்? இரண்டு முறையிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு மாதம் ஒரு முறை, அடுத்த மாதம் இன்னொரு முறை என்று மாற்றினால் பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடவே முடியாது.

பதிவேடு

ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, டோர்னமென்ட், சுற்று எண், இரு ஆட்டக்காரர்களின் குறியீடு, இரு படைகளும் டிடாச்மென்ட்களும், இருவரின் இறுதிப் புள்ளிகள், முதலில் ஆடியது யார், டெரெய்ன் அமைப்பு, நடப்பில் இருந்த விதிப் பதிப்பு. சுற்று எண்ணை விட்டுவிடாதீர்கள், பின்னால் வரும் முக்கியமான கணக்கெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது.

தேதியோடு விதிப் பதிப்பையும் குறிப்பது ஏன் என்றால், பல டோர்னமென்ட்கள் லிஸ்ட் (ஆட்டக்காரர் கொண்டுவரும் யூனிட்களின் பட்டியல்) ஒப்படைக்கும் கடைசி நாளில் இருந்த விதியையே போட்டியிலும் பின்பற்றுகின்றன. புதுப் புள்ளி மாற்றம் வெளியான பிறகு நடந்த போட்டியும் பழைய விதியில் நடந்திருக்கலாம். தேதியை மட்டும் பார்த்துப் பிரித்தால் நெர்ஃப் ஆவதற்கு (விதி மாற்றத்தால் பலவீனமாவதற்கு) முந்தைய படையின் வெற்றிகள் நெர்ஃப் ஆன படையின் கணக்கில் ஏறிவிடும்.

பிறகு களையெடுப்பு. பை கிடைத்த (எதிராளி ஒதுக்கப்படாத) சுற்றுகள் முழு வெற்றியாகப் பதிவாகியிருக்கும், அவற்றை நீக்குங்கள். எதிராளி வராததால் கிடைத்த வெற்றிகளையும் நீக்குங்கள். ஆட்டத்தின் நடுவே தோல்வியை ஒப்புக்கொண்டவை இருக்கட்டும். அவை உண்மையான தோல்விகள், ஆனால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தை நம்ப வேண்டாம். சமநிலை ஆட்டத்தை அரை வெற்றியாக எண்ணுங்கள்.

ஒரே படை தன்னையே எதிர்த்து ஆடும் மிரர் ஆட்டங்களை வெற்றி வீதக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதில் எப்போதும் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்பார், ஆகவே அந்த ஆட்டங்கள் எண்ணை 50-ஐ நோக்கி இழுக்கும். அறையில் 30% பேர் கொண்டுவந்த ஒரு படை மற்றவர்களுக்கு எதிராக 60% ஜெயிக்கிறது என்றால், மிரர் ஆட்டங்களையும் சேர்த்தால் 57% என்றுதான் தெரியும். அதாவது எவ்வளவுக்குப் பிரபலமோ அவ்வளவுக்கு அதன் ஆதிக்கம் மறையும்.

எத்தனை ஆட்டம் இருந்தால் பேசலாம்

பகடை உருளும் விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதன் அளவையும் கணக்கிட முடியும். வெற்றி வீதம் 50-க்கு அருகில் இருக்கும்போது 100 ஆட்டங்களில் வந்த எண்ணின் பிழை எல்லை ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி, மேலும் கீழும். 400 ஆட்டங்களில் 5. 1000 ஆட்டங்களில் 3. எல்லையை 2-க்குக் கொண்டுவர 2400 ஆட்டம் வேண்டும். 25 ஆட்டங்களில் அந்த எல்லை 20: 56% என்று தெரியும் படையின் உண்மை நிலை 36-ஆகவும் இருக்கலாம், 76-ஆகவும் இருக்கலாம்.

இரண்டு படைகளை ஒப்பிடும்போது பிழை இன்னும் கூடும். தலா 400 ஆட்டம் ஆடிய இரு படைகள் 54%, 51% என்று நின்றால், அந்த வித்தியாசத்துக்கான பிழை எல்லையே 7. ஒன்றை மற்றதற்கு மேலே வைக்க அங்கே ஆதாரமே இல்லை. தசமப் புள்ளி வரை எழுதி 54.3, 54.1 என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பார்க்கத் துல்லியமாக இருக்கும், அவ்வளவுதான்.

சிறிய மாதிரிகளை அடக்க எளிய வழி: ஒவ்வொரு படைக்கும் 20 வெற்றி, 20 தோல்வி என 40 கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துவிட்டுக் கணக்கிடுவது. 20 ஆட்டத்தில் 13 ஜெயித்த படை முதல் பார்வையில் 65%. கற்பனை ஆட்டங்களைச் சேர்த்தால் 60-க்கு 33, அதாவது 55%. 500 ஆட்டத்தில் 290 ஜெயித்த படை 58%. சேர்த்த பின் 540-க்கு 310, 57.4%. முன்னிலை தலைகீழாகிவிட்டது. நிறைய ஆடியவரின் எண் அசையவில்லை, கொஞ்சமே ஆடியவரின் எண் மட்டும் தாழ்ந்தது. எங்கள் பரிந்துரை 40. ஆட்டங்கள் அரிதாகக் கிடைக்கும் விளையாட்டில் 20 போதும்.

இன்னொரு எச்சரிக்கை. 60 ஆட்டங்கள் என்றால் 60 தனித்தனிச் சான்றுகள் என்று எண்ணக்கூடாது. ஒருவரே ஒரு டோர்னமென்ட்டில் 5 அல்லது 6 ஆட்டம் ஆடுகிறார். அதிகம் பேர் எடுக்காத படைகளில் இரண்டு மூன்று நிபுணர்கள்தான் மொத்த ஆட்டத்தில் பாதியை ஆடியிருப்பார்கள், அப்போது நீங்கள் அளப்பது அந்த நபர்களை. ஒரு படையின் கணக்கில் ஒருவரின் ஆட்டங்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அவர் இல்லாமலும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். எண் சரிந்தால் அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஆட்டக்காரரைப் படையிலிருந்து பிரிப்பது

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். புதிதாக வருபவர்களில் பலர் ஸ்பேஸ் மரீன்களில் தொடங்குகிறார்கள், அதனால் அந்தப் படையின் மொத்த எண் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். ஜெனெஸ்டீலர் கல்ட்ஸ் போல நகர்த்துவதற்கே நுணுக்கம் தேவைப்படும் படையை எடுப்பவர்கள் பெரும்பாலும் பழகியவர்கள். இரண்டின் வெற்றி வீதங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தவறாகத்தான் போகும்.

சதுரங்கத்தில் பழக்கமான எலோ ரேட்டிங் இங்கே கைகொடுக்கும். 100 புள்ளி அதிகமுள்ளவர் ஜெயிக்கும் வாய்ப்பு 64%, 200 அதிகமென்றால் 76%. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரின் ரேட்டிங்கைக் கொண்டு எதிர்பார்க்கும் வெற்றியை எழுதுங்கள். ஒரு படையின் எல்லா ஆட்டங்களுக்கும் அதைக் கூட்டி, உண்மையில் கிடைத்த வெற்றிகளோடு ஒப்பிடுங்கள். முதல் படை 400 ஆட்டங்களில் 228 ஜெயித்தது: 57%. ஆனால் அதை ஆடியவர்கள் தேர்ந்தவர்கள், எதிர்பார்ப்பே 212. படை கூட்டியது 16 வெற்றி, அதாவது 4 சதவீதப் புள்ளி. இரண்டாவது படை 400-க்கு 192: 48%. ஆடியவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், எதிர்பார்ப்பு 172. படை கூட்டியது 20 வெற்றி, 5 சதவீதப் புள்ளி. 48%-இல் நிற்கும் படை, 57%-இல் நிற்கும் படைக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று அப்போதுதான் தெரிகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ஒருவர் பல மாதங்களாக ஒரே பலமான படையைத்தான் ஆடுகிறார் என்றால், அந்தப் படையின் பலம் அவருடைய ரேட்டிங்குக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும். அப்போது எதிர்பார்ப்பும் உயர்ந்துவிடும், படை கூட்டியது ஒன்றுமில்லை என்று கணக்கு சொல்லும். இதைத் தவிர்க்க, விதி மாற்றத்துக்கு முந்தைய ரேட்டிங்கை உறைய வைத்து அதையே பயன்படுத்துங்கள். அதைவிட நல்ல சான்று, படை மாற்றியவர்கள். அதே நபர் பழைய படையோடு எப்படி ஆடினார், புதிய படையோடு எப்படி ஆடுகிறார் என்ற ஒப்பீட்டில் திறமை தானாகவே கழிந்துவிடுகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அத்தகையவர்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவர்களின் முதல் சில ஆட்டங்கள் பழகும் காலம், அவற்றுக்கு எடை குறைவு.

ரேட்டிங் கணக்கு கைவசம் இல்லையென்றால் சுற்று எண்ணே ஓரளவு அந்த வேலையைச் செய்யும். ஸ்விஸ் முறையில் முதல் சுற்றில் ஜோடி பெரும்பாலும் குலுக்கலில் அமைகிறது. இரண்டாம் சுற்றிலிருந்து ஜெயித்தவர் ஜெயித்தவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோதுகிறார்கள். பலமான படை இயல்பாகவே பலமான எதிரிகளிடம் போய்ச் சேர்கிறது, அதன் வெற்றி வீதம் 50-ஐ நோக்கி அமுங்குகிறது. எனவே முதல் இரு சுற்றுகளையும், தோல்வியே இல்லாத இருவர் மோதும் கடைசிச் சுற்று மேசைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் சுற்றுகளில் 57%, மேல்மேசைகளில் 46% என்றால் அது பதில் தெரியாதவர்களை வீழ்த்தும் படை. ஒரே திட்டம், ஒரே மிரட்டல். சரியான இடைவெளி விட்டு நிற்கத் தெரிந்த எதிராளியிடம் அது எடுபடாது. முதல் சுற்றுகளில் 49%, மேல்மேசைகளில் 56% என்றால் அது கற்க நேரம் எடுக்கும், கற்றவருக்குக் கைம்மாறு தரும் படை. மொத்த எண்ணில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். புதியவருக்குப் பரிந்துரைப்பதற்கும் கோப்பைக்குப் போகிறவருக்குப் பரிந்துரைப்பதற்கும் இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

கடைசிச் சுற்று எண்களைப் படிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: முதல் இரண்டு ஆட்டம் தோற்றவர்களில் சிலர் விலகிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பவர்கள் அந்தப் படையின் சராசரி ஆட்டக்காரர்கள் அல்ல.

உச்சத்தை அளப்பது

கோப்பை எண்ணிக்கை கவர்ச்சியான அளவுகோல், ஆனால் அதிர்ஷ்டத்தால் மிகவும் ஆடக்கூடியது. 32 பேர் ஆடும் 5 சுற்றுப் போட்டியில் ஐந்தும் ஜெயிப்பவர் ஒரே ஒருவர். கடைசி மேசையில் ஒரு பகடை மாறினால் பெயரும் மாறிவிடும். அதைவிட, 4 வெற்றியோ அதற்கு மேலோ எடுத்தவர்களை எண்ணுங்கள். 5 சுற்றில் அவர்கள் மொத்தத்தில் 32-க்கு 6 பேர், 64 பேர் போட்டியில் 12 பேர்.

பத்து 64 பேர் போட்டிகளை எடுத்துக்கொள்வோம். 640 பேரில் 120 பேர் அந்த மேல்வட்டத்தில் இருப்பார்கள். ஒரு படையைக் கொண்டுவந்தவர்கள் 48 பேர், 7.5%. மேல்வட்டத்தில் அதே படை 15 பேர், 12.5%. 12.5-ஐ 7.5-ஆல் வகுத்தால் 1.67. இந்த எண் 1 என்றால் பங்குக்கு ஏற்ற பலன். 1.5-ஐத் தாண்டி, பல போட்டிகளில் நிலைத்து நின்றால் அந்தப் படை உச்சியில் இருக்கிறது என்று எழுதலாம். மேல்வட்டத்தில் வந்தவர்கள் 5-க்கும் குறைவு என்றால் இந்த விகிதத்தையே வெளியிடாதீர்கள். ஒரே ஆள் ஏறி இறங்கினால் மொத்தமும் ஆடிவிடும்.

விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெற்றி வீதம் 45 முதல் 55 வரை இருப்பதைச் சமநிலை எல்லையாகக் கொள்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் படைகளில்கூட மேல்வட்ட விகிதம் பெரிதாக வேறுபடலாம். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் படம் தெளிவாகும்.

மேட்ச்-அப் அட்டவணை

25 படைகள் என்றால் 300 ஜோடிகள். 3000 ஆட்டங்கள் கையில் இருந்தாலும் ஜோடிக்குச் சராசரி 10தான், அதுவும் சமமாகப் பரவியிருக்காது. 10 ஆட்டங்களில் 7 ஜெயித்ததை வைத்து "சாதகமான மேட்ச்-அப்" என்று எழுதுவது வெறும் ஊகம். எனவே எதிரிகளை வகைப்படுத்துங்கள்: கனரக வாகனங்களை நம்பும் லிஸ்ட், விரைந்து வந்து மோதும் கைகலப்பு லிஸ்ட், எண்ணிக்கையால் அமுக்கும் கும்பல், பின்னால் நின்று சுடும் லிஸ்ட், அப்ஜெக்டிவ்களை (பிடித்தால் புள்ளி தரும் இடங்களை) சுற்றி நகர்ந்து புள்ளி சேர்க்கும் லிஸ்ட். ஐந்து வகைக்கு எதிராக 400 ஆட்டம் பிரிந்தால் வகைக்கு 80. பிழை எல்லை 11-தான் என்றாலும், 35-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்துவிடும். வகைப்படுத்துவதைப் படையின் பெயரைப் பார்த்துச் செய்யாமல் லிஸ்டைப் படித்துச் செய்ய வேண்டும். ஒரே படையில் மூன்று வகை லிஸ்ட்களும் வருவதுண்டு.

இந்த அட்டவணை இருந்தால் நாளைய அறைக்கும் மதிப்பிட முடியும். உங்கள் படை கைகலப்பு லிஸ்ட்களை 60% வெல்கிறது, கனரக லிஸ்ட்களை 40%, மற்றவற்றை 52%. அறையில் கைகலப்பு 20%, கனரகம் 10%, மற்றவை 70% என்றால் எதிர்பார்ப்பு 52.4%. முதல் இரண்டின் பங்கும் இடம் மாறினால் 50.4%. உங்கள் விதி ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் படை ஒரு படி இறங்கிவிட்டது. விதி மாற்றம் வரும்போது தன் படைக்கான பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியடைபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

அணிப் போட்டிகளுக்கு இதே அட்டவணை வேறு விதமாகப் பயன்படும். அங்கே ஜோடிகளைத் தலைவர்களே படைகளை முன்வைத்துத் தேர்வு செய்கிறார்கள், புள்ளி வித்தியாசம் 20–0 அளவில் மாற்றப்படுகிறது. சில எதிரிகளை நசுக்கி, சிலரிடம் சுருளும் படைக்குத் தனிநபர் போட்டியில் மதிப்பு குறைவு. அணியில் அதைச் சாதகமான மேசைக்கு அனுப்பலாம். யாரிடம் மாட்டினாலும் பெரிதாகத் தோற்காத படை முதலில் முன்வைக்க ஏற்றது. ஆகவே அணி வரிசையில் சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் போடுங்கள். தனிநபர் வரிசையை அணிப் போட்டிக்கு அப்படியே எடுத்துப் போகக்கூடாது.

எண்கள் இல்லாத நாட்களில்

புதுக் கோடெக்ஸ் வந்த முதல் வாரங்களில் ஆட்டப் பதிவுகள் இருக்காது. இருந்தாலும் அவை கோணலாக இருக்கும், ஏனென்றால் மக்கள் முதலில் கொண்டுவருவது வண்ணம் பூசித் தயாராக வைத்திருக்கும் மாடல்களைத்தான். சிறந்த லிஸ்டுக்குத் தேவையானதை வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி முடிக்க வாரங்கள் ஆகும். அதுவரை கணக்கையும் விதிப் படிப்பையும் நம்ப வேண்டும்.

சேதக் கணக்கு எளிது. 10 சுடுதல், 3+ இல், அதாவது பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால், படும் (2/3), பலமும் தாங்குதிறனும் சமம் என்பதால் 4+ இல் காயம் (1/2), கவசத்தைத் துளைத்த பிறகு எதிரிக்கு 5+ சேவ் (காயத்தைத் தடுக்கும் பகடை), அது தவறும் வாய்ப்பு 2/3. பெருக்கினால் 2.22 காயம். ஒவ்வொன்றும் 2 சேதம் என்றால் இரண்டு காயம் தாங்கும் மரீன்கள் சராசரியாக 2.22 பேர் விழுவார்கள். எதிரி மறைவில் நின்று சேவ் 4+ ஆனால் 1.67. கால் பங்கு சேதம் காணாமல் போய்விட்டது. ஒரே கணக்கை எல்லா யூனிட்டுக்கும் செய்து 100 புள்ளிக்கு எவ்வளவு சேதம் என்று மாற்றிக்கொண்டால் ஒப்பிடலாம். மூன்று இலக்குகளுக்கு எதிராகவாவது செய்யுங்கள்: இலேசான காலாள், இரண்டு மூன்று காயம் தாங்கும் கனரகக் காலாள், வாகனம்.

ஆனால் சராசரி மட்டும் பார்த்தால் மிக ஆபத்தான விதிகளைத் தவறவிடுவோம். 2023-இல் 10ஆம் பதிப்பு வந்தவுடன் ஈல்டாரி படை சமநிலை எல்லையை வெகுவாகத் தாண்டியதற்கு ஒரு முக்கியக் காரணம், முன்கூட்டியே உருட்டி வைத்த பகடைகளைத் தேவையான நேரத்தில் மாற்றி வைக்கும் அதன் படை விதி. காயப்படுத்தும் பகடையில் 6 விழுந்தால் எதிரியின் சேவ் பகடையையே தாண்டிச் செல்லும் ஆயுதங்களோடு அது சேர்ந்தபோது, அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டிய இடம் ஆட்டக்காரரின் விருப்பத் தேர்வாக மாறியது. சராசரிக் கணக்கில் ஒரு 6 என்பது ஆறில் ஒரு பங்கு, கையில் வைத்திருக்கும் 6 முழுதாக ஒன்று. எனவே விதியைப் படிக்கும்போது பகடையைக் கட்டுப்படுத்துவது, எதிரியின் முறையில் நகர்வது, சுட்ட பிறகு மறைவது, ரிசர்விலிருந்து (மேசைக்கு வெளியே காத்திருந்து) நினைத்த இடத்தில் இறங்குவது ஆகிய நான்கையும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவைதான், சேதப் பட்டியலின் முதல் வரி அல்ல.

காகிதத்தில் படிப்பதை இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். 2022-இல் லீக்ஸ் ஆஃப் வோட்டன் என்ற புதிய படையின் கோடெக்ஸ் பரவலாக விற்பனைக்கு வரும் முன்பே அதன் புள்ளிகள் உயர்த்தப்பட்டன. விதிகளைப் படித்த மாத்திரத்திலேயே அளவு மீறியிருக்கிறது என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து, புள்ளி சேர்க்கும் திறன். இந்த விளையாட்டில் ஜெயிப்பது அதிகம் கொன்றவர் அல்ல, அதிகப் புள்ளி எடுத்தவர். இரண்டாம் சுற்றிலேயே நடு அப்ஜெக்டிவில் நிற்க முடியுமா, மேசையின் மூலைகளுக்கு அனுப்ப மலிவான யூனிட்கள் உண்டா, பாதிப் படையை இழந்த பிறகும் நான்காம் ஐந்தாம் சுற்றுகளில் புள்ளி எடுக்க ஆளிருக்குமா என்று கேளுங்கள். சேதத்தில் முதலிடமும் இதில் கடைசியிடமும் உள்ள படைகள் காகிதத்தில் பயமுறுத்திவிட்டு மேசையில் 45%-இல் உட்கார்ந்திருக்கும்.

பயிற்சி ஆட்டம் ஆடிப் பார்ப்பதானால் எண்ணிக்கையில் ஆசை வைக்க வேண்டாம், 10 ஆட்டம் எந்த வெற்றி வீதத்தையும் நிரூபிக்காது. அவற்றின் பயன் வேறு: எங்கே உடைகிறது என்று காட்டும். ஒரே டெரெய்ன், ஒரே மிஷனில் இருவரும் படைகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஆடுங்கள். முதலில் ஆடும் வாய்ப்பையும் மாற்றுங்கள். முதல் மூன்று சுற்றுகளோடு நிறுத்தி மறுபடி அடுக்கினால் ஒரே நாளில் அதிகம் கற்கலாம். கடிகாரம் வைத்தே ஆடுங்கள். நூறு மாடல்கள் நகர்த்த வேண்டிய கும்பல் லிஸ்ட், நேரக் கட்டுப்பாடு இல்லாத மேசையில் காட்டும் பலத்தைப் போட்டியில் காட்டாது.

டெரெய்ன்

பார்வையை மறைக்கும் இடிபாடுகள் நெருக்கமாக இருந்தால் கைகலப்புப் படைகள் உயரும். திறந்த மேசையில் நெடுந்தூரம் சுடும் படைகள் உயரும். போட்டி அமைப்பாளர்கள் வெவ்வேறு டெரெய்ன் வரைபடங்களைப் பின்பற்றுவதால், எல்லா முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டினால் எந்த மேசைக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் வரும். குறைந்தது இரண்டு பெட்டிகளாவது வையுங்கள்: நெருக்கமானது, திறந்தது. ஒரு படை இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் அது நல்ல செய்தி. 8 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வரிசையில் இரண்டு இடங்களாகவே எழுதுங்கள்.

அடுக்குகளை வெட்டுவது

உச்சியில் எஸ், பிறகு ஏ, பி, சி, டி என ஐந்து அடுக்கு போடுவது வழக்கம். ஐந்தையும் நிரப்பியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. திருத்திய எண்களை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றின் பிழை எல்லையையும் கோடாக வரையுங்கள். கோடுகள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் அவை ஒரே அடுக்கு. இடைவெளி தெரியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். பல மாதங்களில் நேர்மையான விடை மூன்றே அடுக்குதான்: உச்சியில் இரண்டு மூன்று படைகள், அடியில் நான்கு, நடுவே மற்ற எல்லாம்.

எஸ் அடுக்குக்கு நாங்கள் கேட்கும் நிபந்தனைகள் மூன்று. பிழை எல்லையின் கீழ் முனையே 50-க்கு மேல் நிற்க வேண்டும். மேல்வட்ட விகிதம் 1.5-க்கு மேல் இருக்க வேண்டும். அறையில் அடிக்கடி வரும் எந்த வகை லிஸ்டுக்கும் எதிராக 40%-க்குக் கீழே போகக்கூடாது. மூன்றில் இரண்டு நிறைவேறினால் ஏ. கோப்பையே வெல்லாத படை, குறிப்பிட்ட ஒரு பலசாலியை மட்டும் தொடர்ந்து வீழ்த்தினால் அதை எந்த அடுக்கில் வைப்பது என்று கேட்பார்கள். அடுக்கு அதன் எண் சொல்லும் இடமே. ஆனால் பக்கத்தில் ஒரு குறிப்பு கட்டாயம், ஏனென்றால் அந்தப் பலசாலியை எடுத்து வருகிறவருக்கு வரிசையிலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான்.

ஆட்டங்கள் 100-க்குக் குறைந்த படைகளை அடுக்குக்குள் திணிக்காமல் "போதிய ஆட்டங்கள் இல்லை" என்று தனியே போடுங்கள்.

வெளியிடும் பட்டியலின் தலையில் விதிப் பதிப்பு, கடைசிப் புள்ளி மாற்றம் வந்த நாள், தரவின் தொடக்க நாளும் முடிவு நாளும், மொத்த ஆட்டங்கள், டெரெய்ன் வகை ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொரு படைக்கும் எதிரே ஆட்ட எண்ணிக்கையும் பிழை எல்லையும் வர வேண்டும். புதுப் புள்ளி மாற்றம் வந்தால் பழைய ஆட்டங்களை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தனக்கோ, அடிக்கடி மோதும் எதிரிகளுக்கோ மாற்றமே இல்லாத படைகளின் பழைய எண்ணைக் கால் எடையில் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்: 400 பழைய ஆட்டங்கள், 100 புதிய ஆட்டங்களுக்குச் சமம். மையமான யூனிட்டின் விலையோ படை விதியோ மாறிய படைகளுக்கு மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். புதிய பதிப்பே வந்துவிட்டால் பழையது எதையும் சேர்க்க வேண்டாம், ரேட்டிங்கை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.